சிவப்புத் துணி கட்டிய ஆயுதம்

தும்பைநாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அந்த நாட்டின் வரைபடம் இராணுவ இரகசியம் என்று அறிவிக்கப்பட்டு, வரைந்தவரே அதை மறுபடி பார்க்கக் கூடாது என்று உத்தரவாகி வெகுகாலமாகிறது. மழை குறைந்த, கேழ்வரகு விளைகிற, கிணறுகளை நம்பிப் பிழைக்கிற நாடு என்று மட்டும் சொல்லலாம். இதைச் சொன்னதற்கே என்னைப் பிடித்துப் போட அங்கே ஒரு சட்டம் இருக்கக்கூடும். ஆனால் அந்தச் சட்டமும் இரகசியம் என்பதால் எனக்குத் தெரியாது.

அதை ஆண்டவர் ஏழாம் வெற்றிமுரசர். முந்தைய ஆறு வெற்றிமுரசர்களும் ஒரு போரிலும் தோற்றதில்லை, ஏனென்றால் ஒரு போருக்கும் போனதில்லை. ஏழாமவரும் அந்த மரபைக் கட்டிக் காத்துவந்தார். கிழக்கே ஆற்றுக்கு அப்பால் அக்கரைநாடு. ஆற்றின் நடுவில் இருந்த ஒரு மணல்திட்டு யாருக்குச் சொந்தம் என்று இரு நாட்டுக்கும் மூன்று தலைமுறையாகத் தகராறு. அந்தத் திட்டில் ஆமைகள் முட்டையிடும், வேறொன்றும் நடக்காது.

இப்படிப்பட்ட நாட்டுக்கு ஒரு பெரிய நண்பன் வேண்டும் அல்லவா? வடக்கே இருந்த பெருமலைநாடு நண்பனாக முன்வந்தது. அங்கே பன்னிரண்டு மாதமும் மழை. வாசலுக்கு வாசல் வாய்க்கால். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதை அந்நாட்டில் ஒருவரும் பார்த்ததே இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தும்பைநாட்டு அமைச்சர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

இரு நாடுகளும் ‘நம்பிக்கை உடன்படிக்கை’யில் கையெழுத்திட்டன. மொத்தம் நாற்பத்திரண்டு பிரிவுகள். முதல் பிரிவு: “நாம் ஒருவரையொருவர் முழுமையாக நம்புவோம்.” மீதி நாற்பத்தொன்றும், நம்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்பது பற்றி. நட்பு நாட்டை நட்பு நாடு வேவு பார்க்கக் கூடாது என்று ஒன்பதாம் பிரிவு கண்டிப்பாகச் சொன்னது. அந்தப் பிரிவை எதிர்த் தரப்பு மதிக்கிறதா என்று கண்டுபிடிக்க இரு தரப்பும் உடனே ஒற்றர்களை அனுப்பின.

தும்பைநாட்டு ஒற்றர் தலைவர் செவிச்செல்வர் முப்பது பேரைப் பெருமலைக்கு அனுப்பினார். முப்பது பேருக்கும் கிளி ஜோசியக்காரர் வேடம். கிளி ஜோசியமே தெரியாத அந்த ஊரில், ஒரே தெருவில் முப்பது பேரும் கூண்டோடு உட்கார்ந்து, வேறு ஆள் வராததால் ஒருவருக்கொருவர் சீட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெருமலை அனுப்பியவர் ஒரே ஒருவர். உப்பு விற்பவர் வேடம். வெயிலுக்குப் பட்டுக்குடை, வரப்பில் நடக்கத் தோல்செருப்பு, ஒரு படி கேட்டால் இரண்டு படி அளப்பார். அவர் யார் என்று ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். “நம்ம ஒற்றர் இந்த வாரம் வரலையே, உடம்பு சரியில்லையோ?” என்று பெண்கள் கவலைப்பட்டார்கள். இரண்டு படி உப்பை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

ஒருநாள் அந்த உப்புக்காரர் சிலம்பாயியின் கிணற்றடியில் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே வாயைப் பிளந்தார்.

சிலம்பாயிக்கும் அவள் புருஷன் மாரப்பனுக்கும் அரைக் காணி நிலம், ஒரு கிணறு, கிணற்றின்மேல் ஒரு ஏற்றம். நட்ட தூணின்மேல் குறுக்காக ஒரு நீண்ட மரம், அதன் முனையில் கழி, கழியில் சால். மாரப்பன் மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். முன்னே நடந்தால் சால் கிணற்றில் இறங்கும், பின்னே நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கீழே நிற்கும் சிலம்பாயி அதை வாங்கி வாய்க்காலில் கவிழ்ப்பாள். களைப்புத் தெரியாமலிருக்க மாரப்பன் சால் கணக்கைப் பாட்டாகப் பாடுவான்.

*ஒண்ணாஞ்சால் வந்ததடி, ஊருக்கெல்லாம் சொல்லாதே;*
*ரெண்டாஞ்சால் வந்ததடி, ரெப்பைமூடித் தூங்காதே;*
*மூணாஞ்சால் வந்ததடி, மூக்குத்தியைத் தேடாதே…*

உப்புக்காரர் மூட்டையிலிருந்து ஓலையை எடுத்து மளமளவென்று வரைய ஆரம்பித்தார்.

“என்னங்க எழுதறீங்க?” என்றாள் சிலம்பாயி.

“கவிதை, அம்மா.”

“எங்க ஏத்தத்தைப் பாத்தா? நல்லா இருந்தா எங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.”

மூன்று நாள் வந்து வரைந்தார். அவளும் மூன்று நாளும் கூழ் ஊற்றினாள். கடைசி நாள் அவர் குரலைத் தாழ்த்தி, மரத்தின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காட்டினார். “இது எதற்காக?”

“அதுங்களா? அது இல்லேன்னா மொத்தமும் போச்சுங்க.”

அவர் அதன்கீழ் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். பிறகு அந்த ஊர்ப்பக்கம் வரவேயில்லை. உப்பும் போயிற்று.

இரண்டு ஆண்டு கழித்து, பெருமலைநாட்டிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. உலகம் காணாத ஓர் ஆயுதத்தைத் தங்கள் அறிஞர்கள் கண்டுபிடித்திருப்பதாகவும், அதன் பெயர் ‘விண்ணெறி’ என்றும், உயிருக்குயிரான நண்பன் என்பதால் தும்பைநாட்டுக்கு மட்டும் ஒன்றைத் தருவதாகவும் ஓலை சொன்னது. பதிலுக்கு வடக்குக் கணவாயையும் தேக்குக்காட்டையும் தும்பைநாடு கொடுத்தது. நட்புக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அரசர் சொல்லிவிட்டார்.

எட்டு யானைகள் இழுக்க ஒரு நீண்ட தேக்குப்பெட்டி வந்து சேர்ந்தது. எட்டு இடத்தில் அரக்கு முத்திரை. நிபந்தனைகளைத் தலைமை அமைச்சர் நாவலங்காரர் சபையில் வாசித்தார்.

“ஒன்று: பெருமலையின் எழுத்துமூல அனுமதியின்றிப் பெட்டியைத் திறக்கக் கூடாது. இரண்டு: பழுதானால் சரிசெய்யக் கூடாது. மூன்று: பழுதாகிவிட்டதா என்று பார்க்கவும் கூடாது.”

“பார்க்காமல் எப்படி ஆயுதத்தைப் பயன்படுத்துவது?” என்று படைத்தலைவர் கேட்டார்.

“நம்பிக்கையோடு” என்றார் அமைச்சர்.

ஒற்றர் தலைவர் செவிச்செல்வர் மட்டும் நெளிந்தார். அவருடைய கிளி ஜோசியக்காரர்களில் ஒருவன் போன ஆண்டே விண்ணெறியின் வரைபடத்தைத் திருடி அனுப்பியிருந்தான். நட்பு நாட்டின் இரகசியத்தைப் பார்ப்பது துரோகம் என்பதால் செவிச்செல்வர் அதைப் பிரிக்காமலே ஏழு பூட்டுப் போட்டு வைத்திருந்தார். திருடியது கடமை, பிரிக்காதது விசுவாசம் என்பது அவர் கொள்கை.

நான்காவது நிபந்தனைதான் நாட்டைப் பிடித்து ஆட்டியது. ஆயுதத்தின் இரகசியம் கசியாமலிருக்க, அதன் தோற்றத்தை ஒத்த எந்தப் பொருளும் நாட்டில் பொதுவெளியில் இருக்கக் கூடாது. எந்தத் தோற்றம் என்பதும் இரகசியம். ஆகவே பறை அறைந்து சொன்னவனே என்ன சொன்னோம் என்று தெரியாமல் சொன்னான்: “இரகசியப் பொருளை ஒத்த பொருள் வைத்திருப்போர் உடனே ஒப்படைக்க வேண்டும்! எது என்று கேட்போர் தண்டிக்கப்படுவர்!”

யாரும் ஒப்படைக்கவில்லை. எனவே ஊருக்கு இரண்டிரண்டு வீரர்கள் புறப்பட்டார்கள். ஒருவன் பெருமலை அனுப்பிய படத்தைப் பார்க்கலாம், பேசக் கூடாது. மற்றவன் பேசலாம், படத்தைப் பார்க்கக் கூடாது. சிலம்பாயியின் கிணற்றடிக்கு வந்த பார்க்கும் வீரன் ஒரு குடியானவன் மகன். படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. இரண்டுக்குமே அனுமதி இல்லை. அவன் சுருளைத் திறந்தான், ஏற்றத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்தபடி விரலை மட்டும் நீட்டினான்.

“எடுங்கப்பா அதை!” என்றான் பேசும் வீரன்.

“எதுக்குங்க?” சிலம்பாயி குறுக்கே வந்து நின்றாள். “கேவுரு கதிர் விடற நேரமுங்க. இருபது நாளு தண்ணி இல்லேன்னா கருகிடும்.”

“எதுக்குன்னு எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சவனுக்குப் பேச்சுக் கிடையாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?”

ஏற்றத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். அந்த வாரமே நாடு முழுவதும் ஒரு கிணற்றடியிலும் ஏற்றம் இல்லை. தூண் நட்ட குழிகள் மட்டும் இருந்தன. அவற்றையும் மூடச் சொல்லி அடுத்த உத்தரவு வந்தது, ஏனென்றால் குழியைப் பார்த்து எதிரி தூணை ஊகிக்கலாம்.

சிலம்பாயி வீட்டில் கடைசியாக இருந்த விதை கேழ்வரகைத்தான் விதைத்திருந்தாள். இந்த வெள்ளாமை போனால் மறு விதைப்புக்கு ஒரு கைப்பிடி கிடையாது, ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். பக்கத்து வீட்டார் மூன்று பேர் ஏற்கெனவே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவளும் மாரப்பனும் கயிறு கட்டிக் குடத்தால் இறைத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்து, கொப்புளம் உடைந்து, கயிறு சிவப்பானது. இருந்தும் பாதி நிலம் நனையவில்லை. ஐந்தாம் நாள் அவள் தலைநகருக்கு நடந்தாள்.

முறையீட்டு மண்டபத்தில் நாவலங்காரர் வீற்றிருந்தார்.

“என்ன குறை, பெண்ணே?”

“எங்களோடதைத் திருப்பிக் குடுங்க, ஐயா.”

“எதை?”

“பேரைச் சொல்லக் கூடாதுன்னாங்க.”

“பெயர் குறிப்பிடாத மனுவை ஏற்க இயலாது.”

“பேரைச் சொன்னா?”

“கைது செய்ய நேரிடும்.” அமைச்சர் கனிவோடு சொன்னார். “இரண்டில் உனக்கு எது வசதியோ அதைச் செய்யலாம். இது சுதந்திர நாடு.”

அவள் மண்டப வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரசரே நேரில் கேட்கட்டும் என்றாள். ஆனால் அன்று மாலை அரசர் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டுவிட்டார். அக்கரைநாடு மணல்திட்டுக்கு எதிரே படையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாம். மனுதாரர் அரசர் இருக்கும் இடத்தில்தான் காத்திருக்க வேண்டும் என்பது விதி. சிலம்பாயியும் படையோடு நடந்தாள்.

பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டுப் பெருமலைக்குத் தூது போனது. “யார்மீது பயன்படுத்தப் போகிறீர்கள்?” என்று கேட்டு ஓலை வந்தது. “அக்கரைநாட்டின்மீது” என்று இவர்கள் எழுதினார்கள். “அக்கரைநாடும் இப்போது எங்கள் உயிருக்குயிரான நண்பன். இருந்தாலும் உங்கள்மேல் எங்களுக்குள்ள நம்பிக்கை பெரிது. திறந்துகொள்ளுங்கள். எங்கள் தூதர் உடனிருப்பார்” என்று பதில் வந்தது.

குறித்த நாளில் இக்கரையில் இவர்கள் படை, அக்கரையில் அவர்கள் படை. இக்கரைப் படையின் நடுவில் பெட்டி. பல்லக்கிலிருந்து பெருமலைத் தூதர் பட்டுக்குடையோடு இறங்கினார். ஒரு மாபெரும் கண்டுபிடிப்புக்காகப் பதவி உயர்வு பெற்றவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சிலம்பாயி தோல்செருப்பைப் பார்த்தாள். “உப்புக்காரரே!” என்று கூவிவிட்டாள். தூதர் கேட்காதவர்போல ஆற்றைப் பார்த்தார்.

நாவலங்காரர் இயக்கக் கையேட்டைப் பிரித்தார். “மறைமொழியில் எழுதப்பட்ட இயக்கப் பாசுரம். அனைவரும் எழுந்து நிற்க.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒன்றாம் சால் வந்ததடி, ஊருக்கெல்லாம் சொல்லாதே.”

“எத்தனை முன்னெச்சரிக்கை!” என்று அரசர் வியந்தார்.

“இரண்டாம் சால் வந்ததடி, இரெப்பை மூடித் தூங்காதே. இது காவலர்களுக்கான கட்டளை, அரசே. மூன்றாம் சால் வந்ததடி, மூக்குத்தியைத் தேடாதே. இதற்குப் பொருள் காண எட்டுப் புலவர்களை அமர்த்தியிருக்கிறோம். நான்காம் ஓலை வழியில் நனைந்து அழிந்துவிட்டது. அது இல்லாமல்…”

“நாலாஞ்சால் வந்ததடி, நாத்தனாரை ஏசாதே!”

படை முழுவதும் திரும்பியது. சிலம்பாயி கொப்புளக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று கையை எடுத்தாள். “எங்க வீட்டுக்காரர் பாட்டுங்க அது. எனக்கும் அவர் தங்கச்சிக்கும் ஆகாது. அதுக்காகப் பாடுவாரு.”

“உளவாளி!” என்றார் செவிச்செல்வர்.

“பெட்டியைத் திறங்கள்!” என்றார் அரசர், பயத்தில்.

எட்டு முத்திரைகளையும் உடைத்தார்கள். பட்டு மெத்தையின்மேல் ஒரு தூண், ஒரு நீண்ட மரம், ஒரு கழி, தங்கப்பூண் போட்ட ஒரு சால். மரத்தின் நடுவில் முடிச்சுக்கு முடிச்சு பிசகாமல் சிவப்புப் பட்டு சுற்றியிருந்தது. “இது ‘உயிர்நாடா’. இதன் செயல்பாடு பரம இரகசியம். கையேட்டில் நாற்பது ஓலை இதற்கு மட்டும்” என்றார் அமைச்சர்.

“அது என் சேலைங்க” என்றாள் சிலம்பாயி. “மரம் விரிசல் விட்டுச்சு. கிழிச்சுக் கட்டினேன்.”

படைவீரர்களில் முக்கால்வாசி குடியானவர்கள். அவர்கள் முகங்கள் ஒரு தினுசாகக் கோணிக்கொண்டன. அந்தச் சமயம் அக்கரையிலிருந்து ஆற்றின்மேல் ஒரு பெருஞ்சிரிப்பு மிதந்து வந்தது. அங்கேயும் ஒரு தேக்குப்பெட்டி திறந்திருந்தது. அங்கேயும் தூண், மரம், சால், சிவப்புப் பட்டு. அதற்குப் பிறகு இக்கரையும் தாங்கவில்லை. ஈட்டியை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு படைகளும் சிரித்தன. சிரித்த கையோடு சண்டை போடுவது கஷ்டம். பொழுது சாய்வதற்குள் இரு தரப்பும் கூடாரத்தைச் சுருட்டிவிட்டன.

அரசர் முகம் வெளுத்திருந்தது. “அமைச்சரே, நாம் ஏமாற்றப்பட்டோமா?”

நாவலங்காரர் அந்தப் பதவிக்குச் சும்மா வரவில்லை. அரை நொடிதான் யோசித்தார். “அரசே, போர் நடந்ததா?”

“இல்லை.”

“எதனால் நடக்கவில்லை? இரு தரப்பிலும் விண்ணெறி இருந்ததனால். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒரு போரையே நிறுத்திய ஆயுதம் உலகில் வேறு உண்டா?”

தூதர் மெல்லத் தலையசைத்தார். அரசர் முகத்தில் இரத்தம் திரும்பியது. வெற்றிமுரசு கொட்டச் சொன்னார்.

“அப்ப எங்க ஏத்தத்தைக் குடுத்துருவீங்களா?” என்றாள் சிலம்பாயி. இப்போது பெயரைச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் என்ன கிடைத்தது?

“முன்பு சந்தேகமிருந்தது, கொடுத்திருக்கலாம்” என்றார் அமைச்சர். “இப்போது அது ஆயுதம் என்று நிரூபணமாகிவிட்டது. இனி எப்படிக் கொடுப்பது?”

சிலம்பாயிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இன்னும் நான்கு நாள். நான்கு நாளில் கதிர் கருகிவிடும். ஆனால் பத்து நாளாக அரண்மனைக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

“சரிங்க ஐயா. இவ்வளவு பெரிய ஆயுதமாச்சே, பழக்கம் வேண்டாமுங்களா? நாளைக்கே அக்கரைக்காரன் மறுபடி வந்தா, மேலே ஏறி நடக்க உங்க வீரருங்களுக்குக் கால் வருமா? விழுந்தா கிணறுங்க.”

படைத்தலைவர் யோசித்தார். “பயிற்சிக்களம் வேண்டும். ஆழமான பள்ளம் உள்ள இடமாக.”

“எங்க கொல்லையில இருக்குதுங்க. ஆசானும் இருக்காரு. வீட்டுல சும்மாதான் படுத்திருக்காரு.”

மறுநாளே விண்ணெறி எட்டு யானைகளோடு சிலம்பாயியின் கிணற்றுக்கு வந்தது. ‘பரம இரகசியப் பயிற்சி’ என்று சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பேசும் வீரன் மரத்தில் ஏறி நடந்தான், பார்க்கும் வீரன் சாலைக் கவிழ்த்தான். போர்ப்பயிற்சி ஆசான் மாரப்பன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாசுரம் பாடினான். தங்கப்பூண் போட்ட சாலிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கேழ்வரகின் காலடிக்குப் போனதை, வரப்பில் குந்திச் சிலம்பாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பார்த்தாள்.

கேழ்வரகு பிழைத்தது. செய்தி பரவி, எங்கள் ஊரிலும் பயிற்சி நடத்துங்கள் என்று ஊருக்கு ஊர் மனு வந்தது. குடிமக்களின் தேசபக்தியில் அரசர் நெகிழ்ந்துபோனார். பெருமலையிடம் இன்னும் அறுபது பெட்டிகள் கேட்டு, பதிலுக்குத் தெற்குத் துறைமுகத்தைக் கொடுத்தார்.

பயிற்சியைப் பார்வையிட ஒருநாள் தூதர் வந்தார். சிலம்பாயி பழைய பழக்கத்தில் கூழ் ஊற்றினாள். குடித்துக்கொண்டிருந்தவர் கதிர்களுக்கு நடுவே எதையோ பார்த்துக் கலயத்தைக் கீழே வைத்தார். கைகளை விரித்தபடி, தலையில் சட்டி கவிழ்த்து, உடம்பு முழுக்க வைக்கோலாக நின்றது குருவி விரட்டும் பொம்மை.

“அந்த வீரர் எத்தனை நாளாக அசையாமல் நிற்கிறார், அம்மா?”

“விதைச்ச நாள்லேருந்துங்க.”

“உணவு?”

“கேக்கவே மாட்டாருங்க.”

ஓலை வெளியே வந்தது. “அவரைக் கண்டு எதிரிகள் அஞ்சுகிறார்களா?”

சிலம்பாயி வாயைத் திறந்தாள். சிவப்புத் துணி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். தூதர் பல்லக்கேறிப் போனதும் பொம்மையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, மேலே பாயைப் போர்த்தினாள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அந்தப் பேச்சு ஊர்விட்டு ஊர் போயிற்று.

அவள் கணக்குத் தப்பவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, ஆள் உயரத்தில் ஒரு பெட்டி வந்தது. பெயர் ‘உறங்காவீரன்’. வழக்கம்போல உத்தரவும் வந்தது. சிலம்பாயியின் கிணற்றடிக்கு வந்த அதே இரண்டு வீரர்களே இந்த முறை சுருளோடு புறப்பட்டு, கொல்லை கொல்லையாக, நாடு முழுவதும் தேடினார்கள். ஒரு பொம்மைகூட அகப்படவில்லை. வெறுங்கையோடு அரண்மனைக்குத் திரும்பி, சபையில் அரசர் முன்னால் வந்து நின்றார்கள்.

ஏழாம் வெற்றிமுரசர் அரியணையில் வீற்றிருந்தார். கைகள் இரண்டு பக்கமும் விரிந்து சிங்கத்தலைகளின்மேல் கிடந்தன. தலையில் மகுடம். பட்டாடை உப்பியிருந்தது. காலையிலிருந்து அவர் அசையவில்லை.

பார்க்கும் வீரன் சுருளை மெதுவாகத் திறந்தான். படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

“என்னடா, கெடைச்சிருச்சா?” என்று காதோடு கேட்டான் பேசும் வீரன்.

அவன் சுருளை மூடிவிட்டு, பேசக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.